டிசம்பர் 30 ஃபைல்



நான் பேச்சாளன் இல்லை. கோட்டையில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவன். அசிஸ்டெண்டாகச் சேர்ந்து அண்டர் செக்ரட்டரியாக ரிட்டயர் ஆனேன். எனக்குத் தெரிந்த ஒரே இலக்கியம் ஃபைல். அதில் இரண்டு பாகம் உண்டு. வந்த கடிதம், போன கடிதம் எல்லாம் கரண்ட் ஃபைலில் இருக்கும். யார் என்ன யோசனை சொன்னார், யார் அதை மறுத்தார், கடைசியில் யார் கையெழுத்துப் போட்டார் என்பதெல்லாம் தேதியோடு நோட் ஃபைலில் இருக்கும். வெளியே வரும் அரசாணை கல்யாணப் பத்திரிகை மாதிரி. அதற்கு முன்னால் வீட்டுக்குள் நடந்த சண்டைதான் நோட் ஃபைல்.

ஓர் உயர் அதிகாரியை அரசாங்கம் வீட்டுக்கு அனுப்புகிறது. அந்த நோட் ஃபைலைக் காட்டு என்று மக்கள் சபை கேட்கலாமா? இன்றைக்கு எனக்குக் கொடுத்திருக்கும் விஷயம் அதுதான். கொஞ்சம் வறண்ட விஷயம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1998 டிசம்பர் 30, புதன்கிழமை. நமக்கெல்லாம் கச்சேரி சீசன். தில்லியில் அன்றைக்குக் கடற்படைத் தளபதி அட்மிரல் விஷ்ணு பகவத்தை வாஜ்பாய் அரசு டிஸ்மிஸ் செய்தது. பதவியில் இருக்கும் ஒரு படைத் தளபதியை டிஸ்மிஸ் செய்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கொச்சியில் இருந்த சுஷில் குமாரை தில்லிக்கு வரவழைத்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஹரிந்தர் சிங் என்ற வைஸ் அட்மிரலைத் துணைத் தளபதியாக நியமித்து அமைச்சரவையின் நியமனக் குழு ஆணை போட்டிருந்தது. அதை நிறைவேற்ற முடியாது, சட்டம் இடம் கொடுக்கவில்லை என்றார் பகவத். மக்கள் தேர்ந்தெடுத்த அரசின் ஆணையைச் சீருடைக்காரர் மீறுவதா என்றது பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ் தரப்பு. ஜனநாயகத்தில் இரண்டாவது வாதத்துக்கு எடை அதிகம். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் ஒன்று கவனியுங்கள். என்னைப் போன்ற சிவில் ஊழியனுக்கு அரசியல் சட்டத்தின் 311ஆவது பிரிவு உண்டு. சார்ஜ் மெமோ கொடுத்து, விசாரணை வைத்து, என் பதிலைக் கேட்காமல் என்னை டிஸ்மிஸ் செய்ய முடியாது. படையில் இருப்பவர்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. அவர்களுக்கு 310 மட்டும்தான், குடியரசுத் தலைவரின் விருப்பம் உள்ளவரை பதவி. செக்‌ஷன் கிளார்க்குக்கு இருக்கிற பாதுகாப்பு அட்மிரலுக்கு இல்லை! அதனால்தான் சபை ஃபைலைக் கேட்பதற்கு இத்தனை அவசியம். வேறு எந்த மேஜையிலும் அந்தக் கணக்கு பார்க்கப்படப் போவதில்லை.

அந்தக் கேள்வியைப் பெரிதாக்கியது தில்லிக்காரர்கள் மட்டும் இல்லை. இந்த லஸ்ஸிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம், போயஸ் தோட்டம். பதினெட்டு எம்.பி.க்களைக் கையில் வைத்திருந்த ஜெயலலிதா 1999 மார்ச்சில் மூன்று விஷயம் கேட்டார். பகவத்தை மறுபடி பதவியில் அமர்த்து, நாடாளுமன்றக் கூட்டுக்குழு அமை, ஃபெர்னாண்டஸைப் பாதுகாப்புத் துறையிலிருந்து மாற்று. அவருக்கு வேறு கணக்குகளும் இருந்தன என்று அப்போதே பத்திரிகைகள் எழுதின. தம்பிதுரை, கடம்பூர் ஜனார்த்தனன் ராஜினாமா செய்தார்கள். ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள், ஜனாதிபதி கே.ஆர். நாராயணனிடம் ஆதரவு வாபஸ் கடிதம் போய்விட்டது.

17ஆம் தேதி சனிக்கிழமை. நான் மகளுக்குச் செருப்பு வாங்க தி.நகர் போயிருந்தேன். உஸ்மான் ரோட்டில் ஒரு டிவி கடை வாசலில் ஐம்பது அறுபது பேர் நிற்கிறார்கள். கண்ணாடிக்கு உள்ளே பத்துப் பன்னிரண்டு டிவி, எல்லாவற்றிலும் மக்களவை. வெளியே சத்தம் கேட்காது. போர்டில் எண் மட்டும் வந்தது. ஆதரவு 269, எதிர்ப்பு 270. வெயிலில் நின்ற கூட்டம் ஒரு கணம் பேசவே இல்லை. பக்கத்தில் நின்ற பூக்காரம்மா என்னிடம், “யாருக்கு ஒண்ணு ஜாஸ்தி சார்?” என்றார். நம் தென்சென்னை எம்.பி. டி.ஆர். பாலு, மத்திய சென்னை எம்.பி. முரசொலி மாறன் இருவருடைய ஓட்டும் அன்றைக்கு வாஜ்பாய்க்கு. அதையும் சொல்லிவைக்கிறேன், ஊர்க் கணக்கு விட்டுப்போகக் கூடாது.

ஓர் அரசாங்கமே கவிழ்ந்தது. ஃபைல் வந்ததா? வரவில்லை. கூட்டுக்குழு அமையவே இல்லை. அடுத்த மாதம் கார்கில், பிறகு தேர்தல், அதே பிரதமர், அதே பாதுகாப்பு அமைச்சர். பகவத் 2001இல் தன் தரப்பைப் புத்தகமாக எழுதினார். ஃபைல் ரேக்கிலேயே இருந்தது. கேட்டவர்களுக்கு ஆள் திரும்பி வரவேண்டும், இல்லை ஆட்சி போகவேண்டும். காகிதம் அந்தப் பேரத்தில் ஒரு காசு. பேரம் முடிந்ததும் காசை யாரும் குனிந்து பொறுக்கவில்லை. ஒரு சபைக்கு உண்மையிலேயே காகிதம் வேண்டும் என்றால், மற்ற இரண்டையும் விட அது அதிகமாக வேண்டும்.

அப்படி வேண்டியவர் ஒருவர் இருந்தார். இந்த லஸ் கார்னரிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் டி.டி.கே. சாலை. பழைய மவ்பரீஸ் ரோடு. அந்தப் பெயருக்குரிய டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்தபோது, 1957 ஜூனில், புதிதாகப் பிறந்த எல்.ஐ.சி. ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிகளில் சுமார் 1.24 கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியது. டிசம்பரில் ஃபெரோஸ் காந்தி எழுந்தார். ஆளும் கட்சிக்காரர், பிரதமரின் மாப்பிள்ளை. அமைச்சருக்கும் நிதித்துறைச் செயலர் எச்.எம். படேலுக்கும் நடந்த ரகசியக் கடிதப் போக்குவரத்து அவர் கையில் இருந்தது. யாரையும் திரும்ப வேலையில் அமர்த்தச் சொல்லவில்லை, மந்திரி பதவி கேட்கவில்லை. காகிதத்தைப் படித்தார், அவ்வளவுதான். நேரு, நீதிபதி சாக்ளாவைப் போட்டார். விசாரணை பொதுமக்கள் முன்னால் நடந்தது. உள்ளே இடம் போதாமல் வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள். 24 நாளில் முடிந்தது. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. ராஜினாமா. அமைச்சர் செயலர் மேல் சொன்னார், செயலர் அமைச்சர் மேல் சொன்னார், ஊரே கேட்டது. படேலின் அதிகாரி வாழ்க்கை அதோடு முடிந்தது. 1977இல் அதே படேல் நிதியமைச்சராக வந்து உட்கார்ந்தார் என்பது வேறு கதை.

நீதிமன்றமும் ஒருமுறை இந்தப் பூட்டைத் திறந்திருக்கிறது. டெல்லி உயர் நீதிமன்றத்தின் கூடுதல் நீதிபதி எஸ்.என். குமாருக்குப் பதவி நீட்டிப்புக் கொடுக்காமல் விட்டார்கள். சட்ட அமைச்சருக்கும் தலைமை நீதிபதிகளுக்கும் இடையே ஓடிய கடிதங்களைக் காட்ட மாட்டோம் என்றது அரசு. காட்டு என்றது உச்ச நீதிமன்றம். எஸ்.பி. குப்தா வழக்கு. தீர்ப்புத் தேதி 1981 டிசம்பர் 30. பதினேழு வருஷம் கழித்து அதே தேதியில்தான் பகவத் போனார். எனக்கு ஜோசியத்தில் நம்பிக்கை இல்லை, ஆனாலும் டைரியில் குறித்து வைத்திருக்கிறேன்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1885இல் அதிபர் கிளீவ்லண்ட், அலபாமாவில் டஸ்கின் என்ற அரசு வழக்கறிஞரை இடைநீக்கம் செய்தார். செனட் அதன் காகிதங்களைக் கேட்டது, அவர் கொடுக்கவே இல்லை. அதற்கும் முன்னால், 1868இல், போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனை நீக்கியதற்காக அதிபர் ஜான்சன் மேல் பதவி நீக்க விசாரணை. அங்கே அதிபர் தப்பித்ததும் ஒரே ஓட்டில்.

சரி, நம் சட்டம் என்ன சொல்கிறது? மக்களவை விதி 270இன்படி குழு எந்த ஆவணத்தையும் கேட்கலாம். உடனே ஒரு வால். நாட்டின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ கேடு என்றால் அரசு தர மறுக்கலாம். பாதுகாப்பு சரி. ‘நலன்’ என்ற வார்த்தைக்குள் ஒரு லாரியை ஓட்டிப் போகலாம். கோட்டையில் எங்களுக்கு அந்த விதிகூடத் தேவைப்படாது. எந்தத் துறை என்று சொல்ல மாட்டேன், ஒருமுறை சட்டமன்றக் குழு ஒரு ஃபைல் கேட்டபோது, “சர்க்குலேஷனில் இருக்கிறது” என்று ஒரே வரியில் பதில் போனது. அந்த வரியை டிராஃப்ட் செய்தவன் நான்தான். ஃபைல் என் மேஜைக்குக் கீழே, என் சாப்பாட்டுப் பை பக்கத்தில் இருந்தது.

2005 தகவல் உரிமைச் சட்டத்தில் ஓர் அழகான வரி இருந்தது. நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்தத் தனி மனிதருக்கும் மறுக்கக் கூடாது என்று. எம்.பி.யையும் பூக்காரம்மாவையும் ஒரே வரிசையில் நிறுத்திய வரி. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதை எடுத்துவிட்டது. 

ஆனால் தகவல் உரிமைச் சட்டத்தின் எட்டாவது பிரிவில் மூன்றாவது உட்பிரிவு இன்னும் இருக்கிறது. இருபது வருஷத்துக்கு முந்தைய விவகாரம் என்றால், நாட்டின் பாதுகாப்பு, சபை உரிமை, அமைச்சரவைக் காகிதம் ஆகிய மூன்று காரணங்களைத் தவிர வேறு எதையும் சொல்லி மறுக்க முடியாது. அமைச்சரவைக் காகிதமும் முடிவெடுத்து விஷயம் முடிந்த பிறகு வெளியே வரவேண்டியதுதான். 1998 டிசம்பருக்கு இருபது வருஷம் எப்போதோ ஆகிவிட்டது.

அதனால் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். டிஸ்மிஸ் ஃபைலின் குறிப்புத் தாள்கள், கூட்டுக்குழு கேட்டபோது என்ன எழுதினார்கள் என்ற பக்கங்கள், இரண்டுக்கும் நகல். ஐந்நூறு வார்த்தைக்குள் இருக்கவேண்டும் என்று விதி, என்னுடையது நூற்று நாற்பதில் முடிந்தது. நாளைக்குக் காலை பத்தரைக்கு கச்சேரி ரோடு தபாலாபீஸில் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் எடுக்கப் போகிறேன். மனு இதோ, சட்டைப் பையில். கூட்டம் முடிந்ததும் யாராவது ஒருதரம் படித்துப் பாருங்கள். கண் ஆபரேஷனுக்குப் பிறகு என் எழுத்தில் ஒற்று நிறைய விட்டுப்போகிறது.