"எந்த ஆஸியா?": பேருக்கு அர்த்தம் தேடுறதுக்கு முன்னாடி



போன மாசம் பரங்கிப்பேட்டையில எங்க அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஏழாம் நாள் அகீகா, அன்னைக்கே பேர் வைக்கணும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஓட்டெடுப்பு நடத்தி 'ஆஸியா'ன்னு முடிவாச்சு. ஃபோன்ல தேடினா 'நம்பிக்கை தருபவள்'னு அர்த்தம் வந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். ஹஜ்ரத்கிட்ட சொன்னப்போ அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எந்த ஆஸியா? அலிஃபா, ஐனா?"

யாருக்கும் பதில் தெரியல. இன்னைக்கு எபிசோட் அந்தக் கேள்வியைப் பத்தித்தான்.

தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணுதான். ஆங்கிலத்திலயும் அப்படித்தான். அரபியில வேற வேற. அலிஃபும் ஸீனும் போட்டா, அது ஃபிர்அவ்னோட மனைவி பேர். குழந்தை மூசா நபியைக் காப்பாத்தி வளர்த்தவங்க. ஐனும் ஸாதும் போட்டா, 'மாறு செய்பவள்'னு அர்த்தம். அப்படிப் பேர் இருந்த ஒரு பெண்ணுக்கு நபிகள் நாயகம் 'ஜமீலா'ன்னு, அதாவது அழகானவள்னு, பேரை மாத்தினதா ஹதீஸ்ல இருக்கு.

அரபுச் சொற்கள் பெரும்பாலும் மூணு மெய்யெழுத்துல வேர் பிடிச்சு நிக்கும். ஹ, ம, த மூணையும் எடுத்துக்கோங்க. புகழ்ச்சிங்கிற வேர் அது. முஹம்மது, அஹ்மது, ஹமீது, மஹ்மூது எல்லாமே அதுலேர்ந்து கிளைச்சவை. சிதம்பரத்துக்கு வடகிழக்கே, வெள்ளாறு கடல்ல சேர்ற இடத்துல இருக்கிற எங்க ஊருக்கே பழைய பேர் 'மஹ்மூது பந்தர்'. பந்தர்னா பாரசீகத்துல துறைமுகம். போர்ச்சுகீசியர் 'போர்ட்டோ நோவோ'ன்னாங்க, புதுத் துறைமுகம். ஒரே ஊர், ஆனா கடல் வழியா வந்த ஒவ்வொருத்தரும் ஒரு பேர் விட்டுட்டுப் போயிருக்காங்க. மனுஷங்க பேரும் அப்படித்தான்.

அதனால அகராதி அர்த்தம் மட்டும் போதாது. கதீஜாங்கிற பேரோட வேர், குறைமாசத்துல பிறக்கிறதைக் குறிக்கும். ஃபாத்திமாவோட வேர், குழந்தைக்குப் பால் மறக்கடிக்கிறது. இணையப் பட்டியல்ல இதையெல்லாம் மாத்தி, எல்லாப் பேருக்கும் 'அழகு', 'ஒளி', 'இளவரசி'ன்னு பூசி வச்சிருப்பாங்க. அந்தப் பூச்சு தேவையே இல்லை. கதீஜா நபிகளோட முதல் மனைவி, ஃபாத்திமா அவரோட மகள். அந்தப் பேருக்கு மரியாதை அந்த மனுஷிகளால வந்தது.

நம்ம பக்கத்துப் பேர்களும் இதே மாதிரிதான். முஹ்யித்தீன்னா 'மார்க்கத்துக்கு உயிரூட்டியவர்'. பக்தாத்ல வாழ்ந்த அப்துல் காதிர் ஜீலானியோட பட்டம். அதுவே நம்ம ஊர் 'மொய்தீன்'. சாகுல் ஹமீது, மீரான்னா நாகூர் ஆண்டவர் நினைவு. 'நாச்சியார்' சுத்தமான தமிழ். ஆண்டாளுக்கும் அதே பட்டம்தான். கீழக்கரை வள்ளல் ஷெய்க் அப்துல் காதிர், தமிழ் நாக்குல 'சீதக்காதி' ஆனார். உமறுப் புலவர் சீறாப்புராணம் பாட முதல்ல துணை நின்னவர் அவர். அவருக்குப் பிறகு அந்த வேலை தொடர ஆதரவு கொடுத்தவர், எங்க பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர். இந்த மாதிரிப் பேரை இன்னைக்கு வச்சா 'பழைய பேரா இருக்கே'ன்னு சொல்றோம். பட்டியல்ல இல்லாததாலேயே அது நம்ம கையைவிட்டுப் போயிடுது.

இன்னொண்ணு, 'அப்துல்'னா 'இன்னாருடைய அடியான்'. யாருடையன்னு அடுத்த சொல் சொல்லணும். அப்துல் ரஹ்மானை வெறும் 'அப்துல்'னு கூப்பிட்டா பாதிப் பேரைத்தான் கூப்பிடுறோம்.

கடைசியா ஒரு நடைமுறை விஷயம். பிறப்பை 21 நாளுக்குள்ள பதியணும். பேரை 12 மாசத்துக்குள்ள கட்டணமில்லாமச் சேர்க்கலாம். அதுக்கப்புறம் 15 வருஷம் வரைக்கும் தாமதக் கட்டணத்தோட சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1-லேர்ந்து பிறந்தவங்களுக்கு, பள்ளிக்கூடம், பாஸ்போர்ட் எல்லாத்துக்கும் பிறந்த தேதி, இடத்துக்கான ஆதாரம் அந்தச் சான்றிதழ்தான். அதனால அவசரப்படாதீங்க. முதல்ல அரபியில எழுதிக் காட்டச் சொல்லுங்க. அப்புறம் தமிழ், ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒரே மாதிரி முடிவு பண்ணி, எல்லா இடத்திலயும் அதையே கொடுங்க.

எங்க வீட்டுல என்ன ஆச்சுன்னு கேக்கறீங்களா? ஹஜ்ரத் ஒரு தாள்ல அலிஃப் போட்டு எழுதிக் கொடுத்தார். அதுவரைக்கும் பேசாம இருந்த நன்னிமா அப்பத்தான் சொன்னாங்க: "எங்க உம்மா பேர்ல நாச்சியார் இருந்துச்சு. அதுக்கப்புறம் யாருக்கும் வைக்கல."

குழந்தை பேர் இப்போ ஆஸியா நாச்சியார். எந்தப் பட்டியல்லயும் தேடினா கிடைக்காது. உங்க வீட்டுப் பெரியவங்ககிட்டயும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.