வைக்கோலுக்குள் ஒளிந்துள்ள சர்க்கரை



எட்டாம் வகுப்பில் பயின்றபோது ஆசிரியரிடம் வினா ஒன்று எழுப்பினேன். "ஐயா, மாடு வைக்கோலைத் தின்று உழைக்கிறது, மனிதனுக்கு மட்டும் அஃது ஏன் உணவாகவில்லை?" என்றேன். "மாட்டிடமே போய்க் கேள்" என்றார். வகுப்பு சிரித்தது. எங்களுக்குச் சொந்தமாக மாடு கிடையாது. பண்ணையார் தொழுவத்தில் வைக்கோல் போடுவது என் மாலை வேலை. ஆசிரியருக்கும் விடை தெரிந்திராது போலும்.

அரிசியிலுள்ள ஸ்டார்ச்சும் வைக்கோலிலுள்ள செல்லுலோஸும் குளுக்கோஸ் என்னும் ஒரே சர்க்கரையால் கோக்கப்பட்ட சங்கிலிகளே. கோத்த முறைதான் வேறு. ஸ்டார்ச்சின் பிணைப்பை நம் உமிழ்நீரிலுள்ள நொதியே அறுக்கத் தொடங்கிவிடுகிறது. செல்லுலோஸை அறுக்கும் நொதி நமக்குச் சுரப்பதில்லை. வியப்பு யாதெனில், மாட்டுக்கும் சுரப்பதில்லை! அதன் இரைப்பையின் முதல் அறையில் குடியிருக்கும் நுண்ணுயிர்களே அவ்வேலையைச் செய்கின்றன. மாட்டிடம் கேட்டிருந்தால் அது தன் வயிற்றைத்தான் காட்டியிருக்கும்.

இரண்டாம் உலகப் போரில், பசிபிக் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்கள் மக்கி அழிந்தன. பருத்தி பெரும்பாலும் செல்லுலோஸே. சாலமன் தீவுகளில் கெட்ட துணியிலிருந்து பூஞ்சை ஒன்று பிரித்தெடுக்கப்பட்டது. மக்குவதைத் தடுப்பதே இராணுவத்தின் நோக்கம். எல்வின் ரீஸ் என்ற அறிஞரோ, அது எவ்வாறு மக்கச் செய்கிறது என்று ஆராயலானார். மேரி மேன்டல்ஸ் அம்மையாரும் அவருடன் நேட்டிக் ஆய்வகத்தில் பல்லாண்டு உழைத்தார். 1977இல் அப்பூஞ்சைக்கு டிரைக்கோடெர்மா ரீசி என்று ரீஸின் பெயரே சூட்டப்பட்டது.

அது சுரக்கும் செல்லுலேஸ், நொதிகளின் கூட்டமாகும். ஒன்று சங்கிலியை இடையில் வெட்டும். மற்றொன்று நுனியிலிருந்து இரண்டிரண்டு குளுக்கோஸாகக் கழற்றும். வேறொன்று அவ்விரண்டையும் பிரிக்கும். அறுப்பவர், கட்டுபவர், அடிப்பவர் எனக் களத்தில் ஆள் பிரிவதில்லையா, அதுபோல!

ஜீன்ஸ் துணியை மென்மையாக்கவும் சலவைத்தூளிலும் இந்நொதி இன்று பயன்படுகிறது. நெல் வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலை 2022இல் ஹரியானாவின் பானிபட்டில் திறக்கப்பட்டது. ஆயினும் பணி எளிதன்று. லிக்னின் என்னும் கடும்பொருள் செல்லுலோஸைச் சூழ்ந்து காக்கிறது. அதை முதலில் தளர்த்தியாக வேண்டும். நொதிக்காகும் செலவும் சிறிதன்று.

இனி உங்கள் வினாக்களைக் கேட்கிறேன். பின்வரிசையிலிருந்து தொடங்குவோம்.