பிணம் அறுக்கும் படிப்பு

(மாணவர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



இங்கு வந்திருக்கும் மாணவி ஒருவர் வைத்தியப் பட்டம் பெற்றபின், உடற்கூற்றியலில் மேற்படிப்புக்கு இடம் பெற்றிருக்கிறார். அதைப் பாராட்டவே இக்கூட்டம் கூட்டப்பட்டிருக்கிறது. ஆனால் அவர் வீட்டாரோ இதை ஒரு இழவுச் செய்தியாகப் பாவித்து, “டாக்டருக்குப் படித்தவள் ஊசி போட்டுச் சம்பாதிக்காமல் மூன்று வருஷம் பிணத்தோடு மாரடிக்கப் போகிறாளே! இவளை எவன் கட்டிக்கொள்வான்?” என்று வருத்தப்படுவதாகக் கேள்விப்படுகிறோம். ஆகையால் அந்தப் படிப்பு எப்படிப்பட்டது, அதைக் கண்டு நம்மவர்கள் ஏன் முகம் சுளிக்கிறார்கள் என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லுகிறோம். நாம் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்ததில்லை. புத்தகம் வாங்கிப் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்து கொண்டதேயாகும். எனவே, நாம் சொல்லுவதையும் அப்படியே நம்பிவிடாமல் உங்கள் புத்தியைக் கொண்டு யோசித்து முடிவு செய்யுங்கள்.

ரோமாபுரியில் சுமார் 1,800 வருஷங்களுக்கு முன் கேலன் என்று ஒரு வைத்தியர் இருந்தார். கெட்டிக்காரர்தான். ஆனால் மனிதப் பிணத்தை அறுக்க அவருக்கு வழியில்லாததால், குரங்கையும் பன்றியையும் மாட்டையும் அறுத்துப் பார்த்து, மனிதனுக்கும் அப்படியே இருக்குமென்று எழுதி வைத்தார். அது சுமார் 1,300 வருஷங்கள் வேதவாக்காய் இருந்துவிட்டது. கல்லூரியில் ஆசிரியர் உயர்ந்த ஆசனத்தில் உட்கார்ந்து கேலன் புத்தகத்தை வாசிப்பார். கீழே ஒரு நாவிதர் பிணத்தை அறுப்பார். படித்தவன் கை பிணத்தைத் தொடாது. தொட்டவனுக்குப் படிப்புக் கிடையாது. நம் நாட்டு வழக்கம் உங்களுக்கு நினைவு வருகிறதல்லவா?

1537-ல் இத்தாலியிலுள்ள பாதுவா சர்வகலாசாலையில் இளம் வயதிலேயே ஆசிரியரான வெசேலியஸ், அந்த ஆசனத்தைவிட்டு இறங்கி வந்து தன் கையாலேயே அறுத்துப் பார்த்தார். கீழ்த்தாடை இரண்டு எலும்பு என்று கேலன் எழுதியிருந்தார்; பார்த்தால் ஒன்றுதான் இருந்தது. மூளையின் அடியில் ஒரு அற்புதமான இரத்தக்குழாய் வலை உண்டு என்று எழுதியிருந்தார். அது ஆட்டுக்கும் மாட்டுக்கும் இருக்கிறதே தவிர மனிதனுக்கு இல்லை. பைபிள் கதையை நம்பி, ஆணுக்கு ஒரு விலா எலும்பு குறைவு என்று ஜனங்கள் சொல்லிக் கொண்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்தால் இருவருக்கும் பன்னிரண்டு ஜோடிதான். இவற்றை 1543-ல் புத்தகமாக வெளியிட்டார். பாரிசில் அவருக்குப் பாடம் சொன்ன சில்வியஸ் என்பவர் இதற்கு என்ன சமாதானம் சொன்னார் தெரியுமா? கேலன் காலத்திற்குப் பிறகு மனித உடல்தான் மாறிப்போய்விட்டது என்றார்! அதாவது, புத்தகம் தப்பாகாதாம், மனிதன்தான் தப்பாகிவிட்டானாம்!

நிற்க. “எங்கள் சுசுருதர் அன்றே அறுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறாரே” என்று சில பண்டிதர்கள் கிளம்புவார்கள். நாம் மறுக்கவில்லை. பிணத்தைப் புல்லால் சுற்றி ஓடும் நீரில் ஏழு இரவு ஊறவைத்து, தோலைத் தேய்த்து எடுத்து உள்ளே பார்க்கும்படி அந்தச் சங்கிதை சொல்லுகிறது. எலும்பு 300 என்று அது கணக்குச் சொன்னதும், பல்லையும் குருத்தெலும்பையும் சேர்த்து எண்ணியதால்தான். வளர்ந்த மனிதனுக்கு 206 என்பது இன்றைய கணக்கு. நாம் கேட்பதெல்லாம் ஒன்றே. கண்ணால் பார் என்று சொன்ன நாட்டில், பிணத்தைத் தொட்டவன் தீட்டுக்காரன் என்று சொல்லி அந்தக் கண்ணைக் குத்தியது யார்? 1836-ல் கல்கத்தா வைத்தியக் கல்லூரியில் மதுசூதன் குப்தா பிணத்தில் கத்தி வைத்தபோது, அது நாடே பேசும் பெரிய துணிச்சலாய் ஆனதற்குக் காரணம் என்ன? சாஸ்திரத்தின் பேரால் சோம்பேறிகள் வளர்த்த தீட்டுத்தானே!

இனி உயிரணுவைப் பார்ப்போம். 1665-ல் ஹூக் என்பவர் மைக்ராஸ்கோப்பின் கீழ்த் தக்கைச் சீவலை வைத்து அதில் சிறுசிறு அறைகளைக் கண்டார். 1838-ல் ஷ்லைடன் செடிகளுக்கும், 1839-ல் ஷ்வான் பிராணிகளுக்கும் உயிரணுவே ஆதாரம் என்றார்கள். உயிரணு உயிரணுவிலிருந்தே தோன்றும் என்று 1855-ல் விர்ஹோ எடுத்துச் சொன்னார். இந்த மாணவி இனி மெல்லிய சதைச் சீவலுக்குச் சாயமேற்றிப் பார்ப்பார். உயிரணுவின் உட்கரு நீலமாயும் மற்றது இளஞ்சிவப்பாயும் தெரியும். அது பார்ப்பான் சதையா பறையன் சதையா என்று எந்தப் பேராசிரியராலும் சொல்ல முடியாது. முகத்தில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்கிறார்களே, கருவியலில் அப்படி ஒரு அத்தியாயமே கிடையாது. எல்லோரும் தொடங்கியது ஒரே ஒரு உயிரணுவில்தான்.

இன்னுமொன்று. மனித உயிரணுவில் குரோமோசோம் 48 என்று 1923-ல் பெயின்டர் என்ற பெரிய விஞ்ஞானி சொன்னார். முப்பது வருஷத்துக்கு மேல் எல்லோரும் அதையே படித்தார்கள். ஜாவாவில் பிறந்த சியோவும், சுவீடனைச் சேர்ந்த லெவானும் எண்ணிப் பார்த்து 46 தான் என்று 1956-ல் வெளியிட்டார்கள். பாடப் புத்தகம் திருத்தப்பட்டது. பெயின்டருக்குக் கோயிலும் கட்டவில்லை. திருத்தியவர்களை ஊரைவிட்டுத் தள்ளவுமில்லை. அறிவுக்கும் மதத்துக்கும் உள்ள பேதம் இதுதான்.

தோழர்களே! இந்தப் படிப்புக்கு உடல் வேண்டும். அது எங்கிருந்து வருகிறது? எடின்பரோவில் 1828 வரை இரண்டு பேர் சேர்ந்து 16 பேரைக் கொன்று, பிணங்களை உடற்கூற்று ஆசிரியரிடம் விற்றார்கள். பிறகு 1832-ல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது. அதன்படி கேட்பாரற்ற ஏழைகளின் உடல் மேஜைக்கு வந்தது. நம் நாட்டிலும் தெருவில் செத்த அநாதையின் உடல்தான் வெகுகாலம் டாக்டர்களுக்குப் பாடமாயிற்று. உயிரோடிருந்தபோது எவனைப் பள்ளிக்கூடத்திற்குள் விடவில்லையோ, அவன் செத்தபின் எல்லோருக்கும் வாத்தியாரானான்! பணக்காரன் உடலுக்கோ சந்தனக் கட்டை!

இந்த அநீதிக்குப் பரிகாரம் நாமே கொடுப்பதுதான். பெந்தாம் 1832-ல் கொடுத்தார். உயிரியல் அறிஞர் ஹால்டேன் 1964-ல் புவனேஸ்வரத்தில் மாண்டபோது அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா வைத்தியக் கல்லூரிக்குப் போயிற்று. வங்காளத்தில் முதல் மந்திரியாயிருந்த ஜோதிபாசு உடலும் 2010-ல் அப்படியே கொடுக்கப்பட்டது.

நாமும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஆனால் செத்தவன் எழுந்து கல்லூரிக்கு நடந்து போக முடியாது. வீட்டார் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் உண்டு. சாட்சிக் கையெழுத்துப் போடும்போது நம் மகன், “கருமாதிக்கு என்னப்பா செய்வது?” என்று கேட்டான். “அந்தச் செலவில் ஒரு ஏழைப் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கிக் கொடு” என்றோம். நம் துணைவியாரோ கையெழுத்துப் போட்டுவிட்டு, “அன்றைக்குச் சொந்தக்காரர்கள் வந்து என்னைத்தானே ஏசுவார்கள்” என்றார். உண்மைதான். கையெழுத்துப் போடுவது நமக்குச் சுலபம். அன்று வாசலில் நின்று பதில் சொல்லப் போகிறவருக்குத்தான் கஷ்டம். ஆகையால் உங்கள் வீட்டாரிடம் இன்றே பேசி வையுங்கள். தாமதமின்றிக் கல்லூரிக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். கண்ணை ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

மாணவியின் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. ஊசி போடுகிற டாக்டர்கள் அத்தனை பேருக்கும் உடம்பைத் திறந்து காட்டிக் கொடுப்பவர் இப்படிப்பட்ட ஆசிரியர்தான். பிணவாடை என்று இவரை வேண்டாமென்கிற மூடனைக் கட்டாமல் தப்புவது இவருக்கு லாபமே. அழாமல் அனுப்பி வையுங்கள். என்றாவது ஒருநாள் நம் உடலே அவருடைய மாணவர்களுக்குப் பாடமாகும்படி நேர்ந்தால், பொதுமேடையில் இத்தனை காலம் பேசியதைவிட அதையே நாம் செய்த நல்ல பிரசாரமாகக் கருதுவோம் என்று சொல்லி, இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.