வத்திராயிருப்புக்காரர்



உள்ளே வரும்போது வாசலில் ஒரு தகப்பனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். இங்கே தில்லி முனிர்காவில் குடியிருக்கிறார். மகள் பன்னிரண்டாவது முடித்திருக்கிறாள். "எஞ்சினியரிங் வேண்டாங்கிறா சார். ஆர்ட்ஸ் காலேஜ்ல சேர்ந்து ஃபிஸிக்ஸ் படிக்கிறேங்கிறா. பொண்ணு வாழ்க்கை வீணாப் போயிடாதா?" என்றார். கண் கலங்கியிருந்தது. நான் வேறு எதையோ பேச எழுதி வந்தேன். அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். (கைதட்டல்)

ஐயா, எழுந்திருக்க வேண்டாம். எங்கே உட்கார்ந்திருந்தாலும் கேளுங்கள். நம்ம ஊர்க் கல்லூரி வாசலில் என்ன பலகை? 'கலை அறிவியல் கல்லூரி'. ஒரே பலகையில் இரண்டும் இருக்கின்றன. நடுவில் சுவர் வைத்தது யார்? அந்தச் சுவரே தெரியாத ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில், வத்திராயிருப்பு. 1898இல் அங்கே ஒரு பிள்ளை பிறந்தது. மதுரை அமெரிக்கன் கல்லூரி, அப்புறம் சென்னைக் கிறித்தவக் கல்லூரி. இரண்டுமே பாதிரிமார் நடத்திய கலைக் கல்லூரிகள். படிப்பு முடிந்து அங்கேயே வேதியியல் ஆய்வகத்தில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. மதியச் சாப்பாட்டு வேளையில் மாணவர்கள் அவரைச் சூழ்ந்துகொள்வார்கள். இயற்பியலா, வேதியியலா, கணக்கா, எதை வேண்டுமானாலும் கேட்கலாம். மணியடித்து நடத்திய வகுப்பு இல்லை அது. அந்த மனிதர்தான் 1928இல் கல்கத்தாவில் சி.வி. இராமன் பக்கத்தில் நின்று அந்த ஒளிச் சிதறலைக் கண்டவர். தமிழும் சமஸ்கிருதமும் துறைபோகக் கற்றவர்! (கைதட்டல்)

இருங்கள், இன்னும் இருக்கிறது. இந்தத் தில்லியிலேயே ஒருவர், பெயர் வேண்டாம், 'பி.எஸ்ஸி. என்பது இடம் கிடைக்காதவன் ஒதுங்குகிற திண்ணை' என்று பேசியிருக்கிறார். அப்படியா? அந்தத் திண்ணையில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் தெரியுமா? திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.எஸ்ஸி. படித்த அப்துல் கலாம்! சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர், 1983 நோபல்! சிதம்பரத்தில் பிறந்து, பரோடாவில் பி.எஸ்ஸி. முடித்த வெங்கி ராமகிருஷ்ணன், 2009 நோபல்! கோச்சிங் சென்டர்கள் இருக்கிற காலு சராய்ப் பக்கம் போனால் சுவரெல்லாம் ரேங்க் வாங்கிய பிள்ளைகளின் முகம். வாங்காத பிள்ளைகளின் முகத்தை எந்தச் சுவரில் தேடுவது? (நீண்ட கைதட்டல்)

இங்கே தில்லியில் என்ன குறை? அமெரிக்கன் கல்லூரி தொடங்கிய அதே 1881இல்தான் இந்த ஊரில் செயின்ட் ஸ்டீபன்ஸ் தொடங்கியது. இந்து கல்லூரி 1899, பெண் பிள்ளைகளுக்கு மிராண்டா ஹவுஸ் 1948. வரலாறும் இலக்கியமும் நடக்கிற வராந்தாவிலேயே இயற்பியலும் நடக்கிறது. 2022இல் சேர்ந்த பிள்ளைகளிலிருந்து பட்டப்படிப்பில் நான்காம் ஆண்டும் வந்துவிட்டது, ஆராய்ச்சிக்கென்று. இயற்பியல் படிக்கிற பெண் பொருளாதாரத்தையோ வரலாற்றையோ ஜெனரிக் எலெக்டிவாக, அதாவது பிற துறை விருப்பப் பாடமாக, எடுக்கலாம்.

ஆனால் பெயரை மட்டும் பார்த்துச் சேர்க்காதீர்கள். என் வீட்டுப் பிள்ளைக்காக ஒரு கல்லூரிக்குப் போனேன். ஆய்வகத்தைக் காட்டுங்கள் என்றேன். சாவி இல்லை என்றார்கள். அரை நாள் நின்றேன், சாவி வரவேயில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பூட்டின அறையில் என் பிள்ளை எதைத் தொட்டுப் பார்க்கும்? அதனால் கேளுங்கள். ஒரு கருவிக்கு எத்தனை பிள்ளைகள்? முதல் வருஷத்துக்குப் பாடம் எடுப்பது நிரந்தர ஆசிரியரா? நான்காம் வருஷ ஆராய்ச்சிக்கு வழிகாட்ட ஆள் இருக்கிறாரா? வகுப்பு முடிந்தும் உட்கார்ந்து பேசுகிற வாத்தியார் ஒருவராவது இருக்கிறாரா? வத்திராயிருப்புக்காரர் மாதிரி!

அவர் பிறகு இந்தத் தில்லிக்கே வந்தார். 1947இல் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். 1961இல் காலமாகும் வரை இந்த ஊர்தான். முனிர்காக்காரரே, நாளைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு பூசா பக்கம் போங்கள். அந்த ஆய்வகம் இருக்கிற சாலையின் பலகையை அவளையே படிக்கச் சொல்லுங்கள். டாக்டர் கே.எஸ். கிருஷ்ணன் மார்க்.