நோவாவுக்குத் தந்த வாக்கு

பசிபிக் கடலில் துவாலு என்றொரு நாடு. ஒன்பது தீவுகள், சுமார் 11,000 மக்கள். தாழ்ந்த நிலம். பெரிய ஓதம் வரும் நாளில் தரைக்கடியிலிருந்தே உப்புநீர் ஊறிவந்து கிழங்குத் தோட்டங்களைக் கெடுத்துவிடும்.

அங்கே ஏறக்குறைய எல்லோருமே கிறிஸ்தவர்கள். இனி வெள்ளத்தால் உலகை அழிப்பதில்லை என்று பைபிளில் கடவுள் நோவாவுக்கு, வானவில்லை அடையாளமாக வைத்து, வாக்குத் தந்தாரே. அதை நம்பி ஊரைவிட்டுப் போகமாட்டோம் என்ற பெரியவர்கள் உண்டு. அந்த விசுவாசத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இந்த வெள்ளம் மனிதர் விட்ட புகையால் பூமி சூடாகிக் கடல் உயர்வதால் வருகிறது என்று அங்குள்ள போதகர்களே சொல்கிறார்கள். அது சரிதான். நோவாவும் பேழை கட்டத்தானே செய்தார்!

ஆண்டுக்கு 280 பேர் வரை குடியேற இடம்தர 2023இல் ஆஸ்திரேலியா துவாலுவுடன் ஒப்பந்தம் செய்தது. புகைவிட்ட மற்ற நாடுகளும் கதவைத் திறக்கட்டும். ஜெபிக்கிறவர்கள் அதற்காகவும் ஜெபியுங்கள்.