குற்றாலச் சாரலை ஸ்ப்ரெட்ஷீட்டில் பிடிப்பது எப்படி?

இன்னைக்கு எபிசோட் கோடிங் பத்தி இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மழைக் கணக்கை ஸ்ப்ரெட்ஷீட்டில் கிராஃபா போடச் சொல்லிக் கொடுக்கிறது பத்தி. உங்க தம்பி, தங்கச்சி, பக்கத்து வீட்டுப் பிள்ளை, யாரா இருந்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். எக்செல்தான் வேணும்னு இல்லை. கூகுள் ஷீட்ஸ் போதும். தென்காசிப் பிள்ளைகள்கிட்ட நான் ஸோஹோ ஷீட்டைத்தான் திறக்கச் சொல்வேன். அந்தக் கம்பெனியோட ஆபீஸ் மத்தளம்பாறையில இருக்கு. "நம்ம ஊரு சாமான்"னு சொன்னா ஆர்வம் கூடும்.

ஏன் தென்காசி? தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு மழைன்னா அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் வடகிழக்குப் பருவமழைதான். தென்காசி, செங்கோட்டை பக்கம் மட்டும் மேற்குத் தொடர்ச்சி மலையில ஆரியங்காவு கணவாய் திறந்து கிடக்கு. அது வழியா ஜூன்ல தென்மேற்குக் காற்று உள்ளே வரும். அதுதான் சாரல், அதுதான் குற்றால சீசன். ஆக, ஒரே ஊர்ல ரெண்டு மழைக்காலத்தையும் பிள்ளைகள் பார்க்கலாம்.

முதல்ல மில்லிமீட்டர்னா என்னன்னு புரியணும். 1 மில்லிமீட்டர் மழைன்னா, 1 சதுர மீட்டர் தரையில 1 லிட்டர் தண்ணி. 2023 டிசம்பர் 18 காலையோட முடிஞ்ச 24 மணி நேரத்துல காயல்பட்டினத்துல சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவாச்சு. அதாவது ஒவ்வொரு சதுர மீட்டர்லயும் ஏறக்குறைய ஒரு ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டித் தண்ணி. இதைச் சொன்னதும் வகுப்பு அமைதியாயிடும். அதுக்கப்புறம் அவங்களுக்கு எண் வெறும் எண்ணா தெரியாது.

அடுத்து தேதி. 05/06/2024ன்னு டைப் பண்ணினா நமக்கு அது ஜூன் 5. ஷீட் அமெரிக்க செட்டிங்ல இருந்தா அது மே 6. ஒரு எச்சரிக்கையும் வராது. 17/05/2024 போட்டா, 17-வது மாசம் கிடையாதுங்கிறதால அதை வெறும் எழுத்தா வச்சுக்கும். பாதித் தேதி தப்பாவும், மீதி தேதியாவே இல்லாமலும் போயிடும். கிராஃபைப் பார்த்தா ஜூன் 5 சாரல் மே மாசமே வந்த மாதிரி இருக்கும். அதனால டைப் பண்றதுக்கு முன்னாடியே லொகேல் செட்டிங்கை இந்தியான்னு மாத்திடணும்.

மூணாவது, காலிக் கட்டமும் பூஜ்யமும் ஒண்ணு இல்லை. பூஜ்யம்னா அளந்து பார்த்தோம், மழை இல்லை. காலின்னா யாரும் அளக்கலை. ஞாயிற்றுக்கிழமை அளக்க ஆள் வரலைன்னா அங்க பூஜ்யம் போடக் கூடாது. போட்டா, தென்காசியில ஞாயிறு மட்டும் மழையே பெய்யாதுன்னு கிராஃப் சொல்லும்.

மழைக்கு பார் சார்ட், வெப்பநிலைக்கு லைன் சார்ட். வெப்பநிலை ஒரு நாள்ல இருந்து அடுத்த நாளுக்குத் தொடர்ந்து நகருது, கோடு போடலாம். மழை ஒவ்வொரு நாளும் தனித்தனியா சேர்ந்த அளவு. ரெண்டு நாள் மழைக்கு நடுவுல கோடு இழுத்தா அந்தக் கோட்டுக்கு அர்த்தமே கிடையாது.

இப்போ சுவாரஸ்யமான இடம். ஒரு நாள்ல 2.5 மில்லிமீட்டரோ அதுக்கு மேலயோ பெய்தாத்தான் இந்திய வானிலைத் துறை அதை "மழை நாள்"னு எண்ணும். கவுண்ட்இஃப் ஃபார்முலா போட்டு மாசவாரியா மழை நாட்களை எண்ணச் சொல்லுங்க. நாள் பூரா சட்டை நனைஞ்சுட்டே இருந்த சாரல் நாள், 1 மில்லிமீட்டர்தான் பதிவாகியிருந்தா, கணக்குலயே வராது. "அண்ணா, அன்னைக்கு மழை பெய்ஞ்சுதே!"ன்னு பிள்ளைகள் சண்டைக்கு வருவாங்க. வரட்டும். வரையறைன்னா என்னன்னு அப்போதான் புரியும்.

கடைசியா, நான் விடவே விடாத ஒரு பாடம். 2024 மே 17 பிற்பகல், பழைய குற்றாலம் அருவியில திடீர்னு வெள்ளம் வந்துச்சு. குளிச்சுக்கிட்டு இருந்தவங்க சிதறி ஓடினாங்க. 17 வயசுப் பையன் ஒருத்தன் அடிச்சுட்டுப் போகப்பட்டு இறந்துட்டான். நம்ம ஷீட்ல உட்காருற பிள்ளைகளோட வயசுதான்.

இதைக் கிராஃப்ல தேடச் சொன்னா, பிள்ளைகள் மே 17 பாரைப் பார்ப்பாங்க. ஆனா வானிலைத் துறைக் கணக்குல ஒரு நாள்ங்கிறது காலை 8:30 முதல் மறுநாள் காலை 8:30 வரை. 17-ம் தேதி பிற்பகல் பெய்த மழை 18-ம் தேதிக் கணக்குலதான் ஏறும். ரெண்டாவது விஷயம், அந்த பார் 24 மணி நேரத்தோட கூட்டுத்தொகை. நாள் பூரா தூறினாலும் 40 மில்லிமீட்டர்தான், அரை மணி நேரத்துல கொட்டினாலும் 40 மில்லிமீட்டர்தான். கிராஃப்ல ரெண்டுக்கும் ஒரே உயரம். அருவியில நிக்கிறவனுக்கு ரெண்டும் ஒண்ணு இல்லை. மூணாவது, ஊருக்குள்ள வச்ச மழைமானி ஊர் மழையைத்தான் சொல்லும். அருவியில வர்றது மலை மேல பெய்த மழை. கீழே வெயில் அடிச்சுக்கிட்டு இருக்கும்போதே மேலே இருந்து தண்ணி வரலாம்.

அதனால ஒரு மழை நாள்ல மட்டும் மணிக்கு ஒரு தடவை அளந்து தனி ஷீட் போடச் சொல்லுங்க. அடிப்பாகமும் வாயும் ஒரே அகலத்துல இருக்கிற நேரான டப்பா, ஒரு ஸ்கேல், அவ்வளவுதான் சாமான். அதே நாளோட ஒத்தை பாரையும், மணிவாரி பார்களையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கச் சொல்லுங்க. கிராஃப் எதைக் காட்டுது, எதை மறைக்குதுன்னு அந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்சுட்டா, அடுத்த சீசன்ல போலீஸ் "மேலே ஏறு"ன்னு விசில் அடிக்கும்போது, "மழையே இல்லையே"ன்னு தண்ணிக்குள்ள நின்னு வாதாடாது.

உங்க வீட்டுப் பிள்ளையோட முதல் கிராஃபை எனக்கு அனுப்பி வைங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.