குளிர்நாட்டு வீடும் வெப்பக் காற்றும்



குளிர்நாட்டு வீடுகளிலே யன்னலின் கீழ் ஓர் உலோகக் கருவி பொருத்தப்பட்டிருக்கும். இலண்டனில் வாழும் பிள்ளைகளிடம் சென்று தங்கிய முதியோர் பலர் அதனருகே அமர்ந்து குளிர்காய்ந்திருப்பர். ரேடியேற்றர் என்பது அதன் பெயர். கதிர்வீசுவது என்பது பொருள். அப்பெயரே நம்மைச் சிறிது ஏமாற்றிவிடுகின்றது.

கொதிகலத்திலே ஏறத்தாழ 60 அல்லது 70 பாகை செல்சியசு வரை சூடாக்கப்பட்ட நீர், குழாய் வழியே அக்கருவியினுள் வருகின்றது. நீரின் வெப்பம் உலோகத்தினூடாக வெளிப்புறத்தை அடைகின்றது. அதில் ஒரு பகுதி கதிர்வீசலாற் பரவுவது உண்மையே. ஆயினும், மடிப்புத் தகடுகள் கொண்ட கருவிகளிலே பெரும்பகுதியைச் சுமந்து செல்வது காற்றாகும். தகட்டைத் தொட்ட காற்று விரிந்து இலேசாகி மேலெழ, குளிர்ந்த காற்று கீழிருந்து அதனிடத்திற்கு வருகின்றது. உலை கொதிக்கையில் அரிசி மேலும் கீழுமாகச் சுழல்வதைக் காண்கின்றோமன்றோ? அங்கே நீர் செய்வதை இங்கே காற்றுச் செய்கின்றது. இதுவே மேற்காவுகை.

கருவியை யன்னலின் கீழ் வைப்பதற்கும் காரணமுண்டு. குளிர்ந்த கண்ணாடியைத் தொட்ட காற்றுக் கனத்துக் கீழிறங்கிக் கால்களைச் சில்லிடச் செய்யும். மேலெழும் வெப்பக் காற்று அதனை எதிர்த்துத் தடுக்கின்றது.

ஆகவே, காற்றின் வழியை அடைத்தல் ஆகாது. கருவியை மூடுமாறு நீண்ட திரையைத் தொங்கவிட்டால், வெப்பக் காற்றுத் திரைக்கும் கண்ணாடிக்கும் இடையே புகுந்து, அறைக்குரிய வெப்பத்தைத் தெருவுக்குக் கொடுத்துவிடும். பெரிய நாற்காலியை முன்னே நெருக்கிப் போடுவதும் தவறே. ஈரத்துணியை மேலே விரித்தாலோ, வெப்பம் குறைவதோடு ஈரம் சுவரிற் படிந்து பூஞ்சணமும் வளரும்.

கருவியின் அடி சூடாகவும் தலை குளிர்ந்தும் இருப்பின், உள்ளே காற்றுத் தேங்கியிருக்கலாம். வெப்பமூட்டலை நிறுத்தி, கருவி ஆறியபின், மேல்மூலைத் திருகைச் சிறிதே தளர்த்தினால் காற்றுச் சீறி வெளியேறும். நீர் கசிந்ததும் திருகை இறுக்கிவிட வேண்டும்.

குளிர்காலத்தில் வீட்டினுள் 18 பாகை வெப்பநிலையாவது இருத்தல் நன்றென உலகச் சுகாதாரத் தாபனம் 2018ஆம் ஆண்டிலே கூறியது. முதியோர்க்கும் குழந்தைகட்கும் அதனினும் கூடிய வெப்பம் வேண்டப்படலாம். எரிபொருளுக்கு மேலும் பணம் செலவிடுமுன், திரையை உயர்த்தி, நாற்காலியை நகர்த்திப் பாருங்கள். கருவிக்கு வெளியே உள்ள காற்று நமக்கு ஊழியன். உள்ளே அகப்பட்ட காற்றோ இடையூறு. இவ்வேறுபாட்டை அறிந்தவர் வீட்டிலே பாட்டியார் குளிரால் நடுங்கவேண்டியதில்லை.